வாத்தியம் பயிலும் பிள்ளைக்கு இலக்கு எது?



வாத்தியம் வாங்குவதற்கு வேண்டியது பணம். அதனை வாசிக்கப் பழகுவதற்கு வேண்டியது யாது என்று கேட்டால், சிலர் "திறமை" என்பர். சிலர் "நல்ல ஆசிரியர்" என்பர். பெரும்பாலோர் "நேரம்" என்பர். மூன்றும் வேண்டியவைதாம். ஆனால் இம்மூன்றும் இருந்தும், ஆறு மாதம் ஆகுமுன்னே ஆர்மோனியப் பெட்டியைத் துணியால் மூடி மூலையில் தள்ளிவிட்ட வீடுகள் நம் திருகோணமலையில் எத்தனை! கடன் பட்டு வாங்கிய வயலினின் தந்திகள் உப்புக் காற்றில் துருவேறிக் கிடக்கின்றன. "என் பிள்ளைக்கு இசை வராது" என்று தாய் சொல்கிறாள். பிள்ளையும் அதை நம்பிவிடுகிறது. வாத்தியம் போனது ஒரு நட்டம். தன்னால் முடியாது என்ற எண்ணம் பிள்ளையின் மனத்தில் வேரூன்றியது அதனினும் பெரிய நட்டம்.

இது ஒரு வீட்டோடு முடிகிற காரியமும் அன்று. ஆர்மோனியம் வாசிக்கத் தெரிந்தவர் ஒரேயொருவர் என்ற நிலையில் உள்ள பங்குகள் உண்டு. அவர் தொழில் தேடிக் கொழும்புக்கோ வெளிநாட்டுக்கோ போய்விட்டால், பாடகர் குழு சுருதியின்றிப் பாடும். அல்லது ஒலிப்பதிவை ஓடவிட்டு மக்கள் மௌனமாய் நிற்பர். 1963ஆம் ஆண்டில் இரண்டாம் வத்திக்கான் பொதுச்சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுத் திரட்டின் ஆறாம் அதிகாரம் முழுவதும் திருவிசையைப் பற்றியது. குருமடங்களிலும் துறவற இல்லங்களிலும் கத்தோலிக்கப் பாடசாலைகளிலும் இசைப் பயிற்சிக்கு மிகுந்த கவனம் செலுத்த வேண்டும் என்றும், மக்களின் சொந்த இசை மரபுக்கு உரிய மதிப்பளிக்க வேண்டும் என்றும் அது கூறுகிறது. பயிற்சி என்பது எப்படி நடக்க வேண்டும் என்பதை நாம்தாம் கற்றுக்கொள்ள வேண்டும். அதுவே இன்றைய பாடம்.

மணிக்கூட்டைப் பார்த்து வாசிப்பது

"போய் அரை மணித்தியாலம் வாசி" என்று பெற்றோர் சொல்கிறார்கள். பிள்ளை போய் அமர்கிறது. தெரிந்த பாட்டைத் தொடக்கத்திலிருந்து முடிவு வரை வாசிக்கிறது. நடுவிலே ஓரிடத்தில் விரல் தடுமாறுகிறது, தாண்டிப் போய்விடுகிறது. மறுபடியும் தொடக்கத்திலிருந்து வாசிக்கிறது. அதே இடத்தில் அதே தடுமாற்றம். அரை மணித்தியாலம் முடிந்தது. அந்தப் பிள்ளை அன்று பழகியது எது? தெரிந்ததை மீண்டும் வாசித்தது; தெரியாத இடத்தில் தடுமாறவும் நன்றாகப் பழகிக்கொண்டது. பிழையையும் பத்து முறை செய்தால் அது பழக்கமாகிவிடும் அன்றோ?

இது நம் ஊர்ப் பிள்ளைகளின் குறை மட்டுமன்று. அவுஸ்திரேலியாவில் மக்பேர்சன், ரென்விக் என்னும் இரு ஆய்வாளர்கள், புதிதாக வாத்தியம் பயிலும் சில பிள்ளைகள் வீட்டில் வாசிப்பதை மூன்று ஆண்டுகளாக ஒளிப்பதிவு செய்து ஆராய்ந்தனர். 2001இல் அவர்கள் வெளியிட்ட முடிவின்படி, முதலாம் ஆண்டில் பயிற்சி நேரத்தின் 90 சதவீதத்திற்கு மேல், பாடத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே ஓட்டமாக வாசிப்பதிலேயே கழிந்தது.

இன்னுமொன்று கேளுங்கள். அமெரிக்காவின் டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் பியானோவில் தேர்ந்த 17 மாணவர்களிடம் கடினமான ஒரு சிறு பகுதியைக் கொடுத்துப் பழகச் செய்தனர். மறுநாள் அவர்களை வாசிக்கச் செய்து தரம் பிரித்தனர். அதிக நேரம் பழகியவர் முதலிடம் பெற்றாரா? இல்லை. அதிக முறை வாசித்தவரா? அவரும் இல்லை. பிழை நேர்ந்த அக்கணமே நின்று, பிழை எங்கே, ஏன் என்று கண்டுபிடித்து, அந்த இடத்தை மட்டும் தனியே எடுத்து, வேகத்தைக் குறைத்து, சரியாகும்வரை வாசித்தவர்களே முன்னின்றனர். 2009இல் வெளிவந்த இவ்வாய்வு நமக்குக் கற்பிப்பது இது: பயிற்சியின் அளவை மணிக்கூடு காட்டாது, திருந்திய இடம் காட்டும்.

"பத்தாயிரம் மணித்தியாலம் பழகினால் எவரும் மேதையாகலாம்" என்றொரு பேச்சு இப்போது பரவியிருக்கிறது. இதன் மூலம் 1993இல் எரிக்சன் என்பவரும் அவருடைய தோழர்களும் பேர்லின் நகர இசைக் கல்லூரி வயலின் மாணவர்களைப் பற்றி எழுதிய கட்டுரை. அதிலே 18 வயதிற்குள் சிறந்த மாணவர்கள் சராசரியாக ஏறத்தாழ 7,400 மணித்தியாலமும், அடுத்த தரத்தினர் 5,300 மணித்தியாலமும் தனியே பழகியிருந்தனர் என்று கண்டனர். அது சராசரிக் கணக்கு. எவருக்கும் தந்த வாக்குறுதி அன்று. பத்தாயிரம் என்பதை ஒரு விதியாக்கியதை எரிக்சனே பின்னர் மறுத்தார். குறை கண்டு திருத்தும் நோக்கத்தோடு செய்யும் பயிற்சியையே அவர் வற்புறுத்தினார்.

நம் முன்னோர் வகுத்த படிகள்

இலக்கு வைத்துப் பழகுதல் என்பது மேல்நாட்டார் சொல்லித்தான் நமக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. கர்நாடக இசையின் ஆரம்பப் பாடங்களை எண்ணிப் பாருங்கள். சரளிவரிசை, ஜண்டைவரிசை, தாட்டுவரிசை, அலங்காரம், கீதம், சுரஜதி, வர்ணம், கீர்த்தனை என்று படி படியாக அமைந்திருக்கின்றன. 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த புரந்தரதாசர் இவ்வரிசைகளை மாயாமாளவகௌளை இராகத்தில் அமைத்தார் என்பது மரபு. ஒவ்வொரு படிக்கும் ஒரு நோக்கம் உண்டு. சரளிவரிசை சுரங்களை ஒழுங்காக ஏறி இறங்கக் கற்பிக்கிறது. ஜண்டைவரிசை ஒரே சுரத்தை இரட்டித்து அழுத்தக் கற்பிக்கிறது. தாட்டுவரிசை சுரம் விட்டுச் சுரம் தாண்டக் கற்பிக்கிறது. ஏழு அலங்காரங்களும் ஏழு தாளங்களைக் கற்பிக்கின்றன: துருவ தாளத்திற்கு 14 அட்சரம், ஏக தாளத்திற்கு 4 அட்சரம் என்று அளவும் தெளிவாக உண்டு.

இவற்றை மூன்று காலத்தில் வாசிக்க வேண்டும் என்ற விதியிலே ஒரு நுட்பம் இருக்கிறது. தாளத்தின் நடை மாறாதிருக்க, முதற்காலத்தில் ஓர் எண்ணிக்கைக்கு ஒரு சுரம், இரண்டாங்காலத்தில் இரண்டு, மூன்றாங்காலத்தில் நான்கு. முதற்காலத்தை அவசரமாகத் தொடங்கிய பிள்ளை மூன்றாங்காலத்தில் கட்டாயம் இடறும். ஆதலால், "மூன்றாங்காலம் தெளிவாக வர வேண்டுமானால் முதற்காலத்தை எவ்வளவு நிதானமாகத் தொடங்க வேண்டும்?" என்று பிள்ளை முன்கூட்டியே சிந்திக்க வேண்டியிருக்கிறது. முடிவை எண்ணித் தொடக்கத்தை அமைக்கக் கற்பிக்கும் பாடம் இது. கோபுரம் கட்ட விரும்புகிறவன் முதலில் அமர்ந்து செலவைக் கணக்குப் பார்க்க வேண்டும் என்று நம் ஆண்டவர் சொன்ன உவமையை இங்கு நினைத்துக்கொள்ளலாம்.

கிழக்கு மண்ணின் மைந்தரும், திருகோணமலை இந்துக் கல்லூரியின் வளர்ச்சிக்குப் பணியாற்றியவருமான சுவாமி விபுலாநந்தர், இளமையில் மட்டக்களப்புப் புனித மிக்கேல் கல்லூரியில் பயின்றவர். பண்டைய யாழைப் பற்றி அவர் எழுதிய யாழ்நூல் 1947இல் அரங்கேறியது. ஏறத்தாழ 14 ஆண்டு ஆராய்ச்சியின் பயன் அது. பெரிய இலக்கு ஒன்றை எடுத்தவர் அதை ஆண்டாண்டாகப் பகுத்தே அடைகிறார்.

கடல் கற்பிக்கும் பாடம்

நம் மீனவர் கடலில் தம் இடத்தை எப்படி அறிவார்கள்? இன்று பலரிடம் இடங்காட்டும் கருவி உண்டு. ஆயினும், கரையிலே அருகில் ஓர் அடையாளமும் தொலைவில் ஓர் அடையாளமும் தெரிந்தெடுத்து, இரண்டையும் ஒரே நேரில் வைத்துப் பார்க்கும் பழைய முறையை மூத்தவர்கள் மறக்கவில்லை. தொலைவில் ஒரு மலை, அருகில் ஒரு தென்னை அல்லது கோபுரம் என்று கொள்வோம். இரண்டும் நேராக நின்றால் வள்ளம் சரியான கோட்டில் இருக்கிறது. ஒன்றை விட்டு ஒன்று விலகினால், நீரோட்டம் வள்ளத்தை இழுத்துவிட்டது என்று பொருள். துறைமுகங்களில் கப்பலுக்கு வழி காட்ட முன்னொன்றும் பின்னொன்றுமாக இரண்டு விளக்குகள் வைப்பதும் இதே முறையால்தான்.

தொலைவு அடையாளம் மட்டும் இருந்தால் விலகியது தெரியாது. "பெரிய வயலின் வித்துவான் ஆவேன்" என்று மட்டும் சொல்லும் பிள்ளைக்கு, இன்று தான் முன்னேறியதா பின்வாங்கியதா என்பது விளங்காது. அருகு அடையாளம் மட்டும் இருந்தாலும் பயனில்லை. நாள்தோறும் வரிசைகளை மட்டும் வாசித்து, எதற்காக என்று அறியாத பிள்ளை சலித்துவிடும். இரண்டும் வேண்டும், இரண்டும் ஒரே நேரில் நிற்கவும் வேண்டும். ஆலயத்தில் பாடலுக்கு ஆர்மோனியம் வாசிப்பதே தொலைவு இலக்கானால், இன்றைய சிறு இலக்கு அதனை நோக்கியதாக இருக்க வேண்டும்.

இலக்கை அமைக்கும் முறை

முதலாவது: தொலைவு இலக்குக்கு ஒரு பாடல், ஒரு நாள், கேட்பவர் ஒரு கூட்டம் என்று மூன்றும் இருக்கட்டும். "நன்றாக வாசிப்பேன்" என்பது ஆசை. "நத்தார் இரவுத் திருப்பலியில் இந்தப் பாடலுக்கு நான் வாசிப்பேன்" என்பது இலக்கு.

இரண்டாவது: அதனைக் கிழமைகளாகப் பிரியுங்கள். இசைஞரின் பாதுகாவலியான புனித செசிலியாவின் திருநாள் நவம்பர் 22. அன்றிலிருந்து நத்தாருக்கு 33 நாட்கள். நான்கு அடிகளுள்ள எளிய பாடலொன்றை எடுத்துக்கொள்ளுங்கள். முதற் கிழமை முதலிரண்டு அடிகள், மெதுவாக. இரண்டாம் கிழமை மற்ற இரண்டு அடிகள். மூன்றாம் கிழமை, ஓரடி முடிந்து அடுத்த அடி தொடங்கும் இணைப்புகள் மட்டும். ஏனெனில் பிள்ளைகள் பெரும்பாலும் தடுமாறுவது அடிக்குள்ளே அன்று, அடிகள் சேரும் இடத்தில்தான். நான்காம் கிழமை, பாடுவோர் பாடும் வேகத்தில். எஞ்சிய ஐந்து நாட்களில் பாடகர் குழுவோடு முழுமையாக வாசித்தல். அப்போது புதிதாக ஒன்றையும் சேர்க்கலாகாது.

மூன்றாவது: அன்றைய இலக்கு காதினால் சோதிக்கக் கூடியதாக இருக்கட்டும். "இரண்டாம் அடியின் கடைசி ஐந்து சுரங்களைத் தாளம் தவறாமல், தொடர்ந்து மூன்று முறை பிழையின்றி வாசிப்பேன்" என்பது நல்ல இலக்கு. இரண்டு முறை சரியாக வந்து மூன்றாம் முறை தவறினால், ஒன்றிலிருந்து மறுபடி எண்ண வேண்டும். இதற்குப் பத்து நிமிடம் போதும்.

நான்காவது: இலக்கு எட்டவில்லையானால் இலக்கைச் சிறிதாக்குங்கள், பிள்ளையை ஏசாதீர்கள். ஐந்து சுரம் வரவில்லையா? மூன்று சுரம். அதுவும் வரவில்லையா? வேகத்தைப் பாதியாக்குங்கள். அடிமேல் அடி அடித்தால் அம்மியும் நகரும். ஆனால் அடி ஒரே இடத்தில் விழ வேண்டும்.

ஐந்தாவது: ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். திகதி, இடம், சரிவந்ததா, நாளைக்கு எது: நான்கு சொற்கள் போதும். ஒரு மாதம் கழித்து அதைப் புரட்டும் பிள்ளை, தான் வளர்ந்ததைத் தன் கையெழுத்திலேயே காணும்.

ஆறாவது: கடைசி ஐந்து நிமிடம் பிள்ளையின் விருப்பத்திற்கு விடுங்கள். சினிமாப் பாட்டோ, தானே கட்டிய மெட்டோ, எதுவானாலும் வாசிக்கட்டும். இசையை விரும்பித்தானே வாத்தியத்தைத் தொட்டது? அந்த விருப்பத்தை இலக்கு விழுங்கிவிடலாகாது.

வாத்தியத்திற்கேற்ற முதற்படி

கை ஆர்மோனியத்தில் இடக்கை துருத்தியை இயக்க, வலக்கை கட்டைகளை வாசிக்கிறது. எனவே முதல் இலக்கு பாட்டு அன்று, காற்று. ஒரு கட்டையை அழுத்தி, 16 எண்ணும்வரை ஒலி ஏறாமலும் இறங்காமலும் நிற்கச் செய்வது. இது வந்துவிட்டால் பாடுவோர் சுருதியை நம்பி நிற்பர்.

வயலினில் முதல் இலக்கு வில். விரல் வையாமல், ஒவ்வொரு தந்தியிலும் வில்லின் அடி முதல் நுனி வரை ஒரே அழுத்தத்தில் நீள இழுத்தல். பக்கத்துத் தந்தியைத் தொடாமல் பத்து முறை இழுக்க முடிந்த பின்னரே விரல்.

மிருதங்கத்திற்கு வாடைக்காலம் ஒரு சோதனை. ஈரத்தில் தோல் தளர்ந்து நாதம் மங்கும். அந்நாட்களில் சொற்கட்டுகளை வாயால் சொல்லிக் கையால் தாளம் போடுவதை இலக்காக வைக்கலாம். வாயில் தெளியாத சொல் கையில் தெளியாது.

கீபோட் வாசிப்போர் தாளப் பெட்டியை ஓடவிட்டு அதன் பின்னால் ஓடுவதைக் காண்கிறோம். கிழமையில் இரண்டு நாளாவது அதை நிறுத்திவிட்டு, காலால் தட்டியபடி வாசித்துப் பாருங்கள். 2022இல் நாளொன்றில் பல மணித்தியாலம் மின்வெட்டு நேர்ந்த காலத்தை நாம் மறக்கவில்லை. மின்சாரம் போனாலும் தாளம் நம்மிடம் நிற்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் பொதுவானது ஒன்று. நம்முடையது உப்புக் காற்று வீசும் ஊர். வாசித்து முடித்ததும் தந்தியைத் துடைத்தல், வில்லின் மயிரைத் தளர்த்தல், பெட்டியை மூடி ஈரமில்லாத இடத்தில் வைத்தல் ஆகியனவும் அன்றைய இலக்கின் ஒரு பகுதியே.

சொந்த வாத்தியம் இல்லாத பிள்ளை

"எங்கள் வீட்டில் வாத்தியமே இல்லை, ஆலயத்து ஆர்மோனியத்தைக் கிழமையில் இரண்டு நாள், அதுவும் நான்கு பிள்ளைகளோடு பகிர்ந்துதான் வாசிக்கிறேன்" என்று சொல்லும் பிள்ளைகளுக்கே இந்தப் பாடம் அதிகம் உரியது. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கு நேரத்தை வீணாக்க வசதி உண்டு. இருபது நிமிடம் மட்டுமே கிடைக்கும் பிள்ளைக்கு இலக்குத்தான் செல்வம். எந்த ஐந்து சுரங்களைத் திருத்துவது என்று முன்னரே தெரிந்துகொண்டு ஆலயத்திற்கு வரும் பிள்ளை, முதல் நிமிடத்திலேயே வேலையைத் தொடங்கிவிடும்.

மற்ற ஐந்து நாட்களும் வீணல்ல. சுரங்களை வாயால் பாடலாம். கையால் தாளம் போடலாம். மேசை மேல் விரல்களை ஒழுங்காக வைத்துப் பழகலாம். மற்றவர் வாசிக்கும்போது கண்ணை மூடிக் கேட்டு, அடுத்த சுரம் எது என்று மனத்துள் சொல்லிப் பார்க்கலாம். பங்குத் தந்தையரும் அருட்சகோதரிகளும் ஆலயத்து வாத்தியத்தைப் பூட்டி வைக்காமல், பெயர்ப் பட்டியல் ஒன்றைத் தொங்கவிட்டு, நேரம் பகிர்ந்து கொடுத்தால் எவ்வளவு நன்று! பயன்படாமல் துருப்பிடிக்கும் வாத்தியம் நிலத்தில் புதைத்த தாலந்துக்குச் சமம்.

தவக்காலத்தையும் பயன்படுத்தலாம். அக்காலத்தில், சில நாட்கள் தவிர, வாத்தியங்களைப் பாடலுக்குத் துணையாக மட்டுமே இசைப்பது திருச்சபையின் ஒழுங்கு. அடக்கமாக, பாடுவோரின் குரலை மீறாமல் வாசிக்கப் பழக அதைவிடச் சிறந்த காலம் உண்டோ? உயிர்ப்புப் பெருவிழாவை இலக்காக வைத்து அந்த நாற்பது நாட்களையும் பகுத்துக்கொள்ளுங்கள்.

சான்றிதழ் போதுமா?

வட இலங்கை சங்கீத சபையின் தரப் பரீட்சைகளும், லண்டன் டிரினிற்றிக் கல்லூரியின் எட்டுத் தரங்களும், பாடசாலையில் சாதாரண தரச் சங்கீத பாடமும் நம் பிள்ளைகளுக்குப் படிகளாக உதவுகின்றன. மேலே பயில விரும்புவோருக்கு, மட்டக்களப்பு கல்லடியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சுவாமி விபுலாநந்த அழகியற் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது. பரீட்சை நல்ல அடையாளம். ஆனால் அதுவே துறைமுகம் அன்று. பரீட்சைக்குரிய உருப்படிகளை மட்டும் ஆண்டு முழுவதும் மனனம் செய்து சித்தியடைந்த பிள்ளை, ஒரு சாதாரணப் பாடலுக்குச் சுருதி பிடித்துக் கொடுக்கத் தயங்குமாயின், அந்தச் சான்றிதழால் யாருக்குப் பயன்? ஒவ்வொரு தரத்தோடும் ஒரு பணியை இணைத்து வையுங்கள். முதலாம் தரம் சித்தியடைந்தால் ஞாயிறு மறைக்கல்வி வகுப்பில் ஒரு பாட்டு. இரண்டாம் தரத்தில் பதிலுரைப் பாடல். கற்றது பிறருக்குப் பயன்படும்போதுதான் பிள்ளைக்குக் கற்றதன் அருமை விளங்கும்.

பெற்றோரின் பங்கு

இசை தெரியாத பெற்றோரும் துணை செய்யலாம். "எவ்வளவு நேரம் வாசித்தாய்?" என்ற கேள்வியை விட்டுவிடுங்கள். "எந்த இடம் இன்றைக்குச் சரிவந்தது? ஒருக்கால் வாசித்துக் காட்டு பார்ப்போம்" என்று கேளுங்கள். பிள்ளை காட்டும் அந்த ஐந்து சுரங்களையும் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டுக் கேளுங்கள். அடுத்த வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிடாதீர்கள். கடந்த மாதத்து அதே பிள்ளையோடு ஒப்பிடுங்கள். 1975இல் மறைந்த தவில் மேதை யாழ்ப்பாணம் தெட்சணாமூர்த்தி போன்றோரின் நீண்ட சாதகத்தைப் பற்றிக் கதை கதையாகச் சொல்வார்கள். பிள்ளையை மிரட்ட அக்கதைகளைப் பயன்படுத்த வேண்டாம். பெரியோரின் நீண்ட நேரமும் சிறு சிறு இடங்களைத் திருத்திய நேரத்தின் தொகைதான்.

இந்தக் கிழமைக்கு ஒரு வேலை தருகிறோம். மூலையில் கிடக்கும் வாத்தியத்தின் துணியை நீக்குங்கள். பிள்ளைக்கு மிகவும் பிடித்த திருப்பாடல் ஒன்றைத் தெரிந்தெடுங்கள். அதில் எப்போதும் தடுமாறும் ஓரிடத்தைப் பென்சிலால் வட்டமிடுங்கள். ஏழு நாட்களுக்கு, நாளொன்றுக்குப் பத்து நிமிடம், அந்த வட்டத்துக்குள்ளே மட்டும். அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்து வந்ததும் வீட்டார் எல்லாரும் அமர்ந்து அதைக் கேளுங்கள். பிறகு அந்த வட்டத்தை அழித்துவிட்டு அடுத்ததை வரையுங்கள்.